டாரட்டின் 0-ஆம் கார்டு: இளவரசன் மிஷ்கினைப் படித்த பிறகு எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது

செவ்வந்தி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாவலின் முடிவு வரை பேச வேண்டியிருக்கும். இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆறு வருடமாக டாரட் சீட்டு வைத்துப் பலன் பார்க்கிறேன். தொழிலாக இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், அலுவலகத் தோழிகள் கேட்டால் மட்டும் சீட்டுக்கட்டை எடுப்பேன். போன வருடம் என் சித்தி மகனுக்குப் பார்த்தேன். ஓர் அச்சகத்தில் நல்ல வேலையில் இருந்தான். அதை விட்டுவிட்டு நண்பன் ஒருவனோடு சேர்ந்து சொந்தமாக ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை போடலாமா என்று கேட்டான். வந்தது 0-ஆம் கார்டான 'ஃபூல்', தலைகீழாக இல்லாமல் நேராக. எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: "புது ஆரம்பம்டா, பயப்படாமல் காலை வை." வைத்தான். எட்டே மாதத்தில் அந்த நண்பன் இயந்திரத்துக்குச் சேர்த்து வைத்திருந்த முன்பணத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டான். சித்தி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

அதற்கப்புறம் அந்த ஒரு கார்டை மட்டும் கட்டிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். சமீபத்தில் தஸ்தயெவ்ஸ்கியின் 'இடியட்' நாவலை எம். ஏ. சுசீலா மொழிபெயர்ப்பில், 'அசடன்' என்ற பெயரில், படிக்க எடுத்தேன். முதல் அத்தியாயத்திலேயே எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன்.

கார்டைப் பார்க்காதவர்களுக்காக: இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது 1909-இல் லண்டனில் வெளியான கட்டு. வடிவம் சொன்னவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட், வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். 0-ஆம் கார்டில் மஞ்சள் வானம், வெள்ளைச் சூரியன், பின்னால் பனிமலைகள். மலை விளிம்பில் ஓர் இளைஞன். முகம் மேலே. ஒரு கையில் வெள்ளை ரோஜா. மறு கையில் பிடித்த கோல் தோளில் சாய்ந்திருக்கிறது, அதன் நுனியில் சின்ன மூட்டை. காலடியில் வெள்ளை நாய் துள்ளுகிறது. அடுத்த அடி பள்ளம்.

நாவல் தொடங்கும் இடம்: நவம்பர் கடைசி, பனி உருகி நசநசத்த காலை, வார்சாவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் வரும் ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டி. 26, 27 வயது இளைஞன். ருஷ்யக் குளிர் தாங்காத மேலங்கி. சாயம் போன பழைய பட்டுத்துணியில் கட்டிய ஒரு மூட்டை. அவன் கொண்டுவந்த உடைமை மொத்தமும் அதற்குள்தான். எதிரே இருப்பவர்கள் அந்த மூட்டையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்துவிடுகிறான். நான்கு வருடம் சுவிட்சர்லாந்தில் வலிப்புக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்புகிறான். மலையிலிருந்து இறங்கி வருகிறான். பட்டம் இளவரசன், பெயர் மிஷ்கின்.

வெயிட் தம் விளக்கத்தில் இந்தக் கார்டில் இருப்பவனை 'வேறோர் உலகத்தின் இளவரசன், இந்த உலகத்தின் வழியே பயணம் போகிறான்' என்று எழுதியிருக்கிறார். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இன்னொன்று. அதே வெயிட், கார்டுக்குப் பலன் சொல்லும் இடத்தில் முட்டாள்தனம், வெறி, ஊதாரித்தனம், போதை, பிதற்றல் என்றுதான் அடுக்குகிறார். 'புது ஆரம்பம்' என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. அதை ஏன் நான் போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம். மிஷ்கினை வைத்துக்கொண்டு இந்தக் கார்டைத் திரும்பப் படிக்க வேண்டும். நாவல் தெரிந்தவர்கள் உதவுங்கள்.


ஆதிமூலம்

நல்ல இழை அம்மா. டாரட் எனக்குப் பழக்கமில்லை, ஆனால் அந்த நாவலை மூன்று முறை படித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு படித்ததுதான் உண்மையாகப் படித்தது.

முதல் அத்தியாயத்தில் நீங்கள் விட்ட ஒரு வரி இருக்கிறது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவன் ரோகோஷின். பிரியும்போது அவன் மிஷ்கினைப் பார்த்து, "நீ அசல் யூரோதிவி, உன்னைப் போன்றவர்களைக் கடவுளுக்குப் பிடிக்கும்" என்கிறான். யூரோதிவி என்றால் இறைவனுக்காகப் பித்தனாய்த் திரிபவன். ருஷ்யாவில் அது பெரிய மரபு. கந்தல் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு பனியில் அலைந்து, ஜாரின் முகத்துக்கு நேரே உண்மை பேசியவர்கள். மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் வண்ண வண்ணக் கும்பங்களோடு நிற்கும் தேவாலயத்தை வசீலியின் பெயரால்தானே அழைக்கிறார்கள்? அந்த வசீலி 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு யூரோதிவி. பெருமன்னன் இவானின் வெற்றிக்குக் கட்டிய கோயிலுக்கு, மக்கள் வாயில் நிலைத்தது ஒரு பித்தனின் பெயர்.

நமக்கும் இது புதிதில்லை. சுந்தரர் வாயிலிருந்து வந்த முதல் சொல்லே 'பித்தா'. ஆகவே உங்கள் கார்டை 'முட்டாள்' என்று தமிழில் சொல்வதை முதலில் நிறுத்தலாம். முட்டாள் என்றால் அறிவு குறைந்தவன், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அசடு என்ற சொல்லில் கொஞ்சம் பாசம் ஒட்டியிருக்கிறது. பெற்ற பிள்ளையை "அசடே" என்கிறோம்.

இன்னும் ஒன்று. மிஷ்கினைக் கடைசியில் அழிப்பது எது? ரோகோஷினும் அவன் கத்தியும். அந்த ரோகோஷின் முதல் பக்கத்திலேயே எதிர் இருக்கையில் இருக்கிறான். உங்கள் கார்டில் பள்ளம் காலடியில். நாவலில் அது நேர் எதிரே உட்கார்ந்து, "குளிருகிறதா?" என்று கேட்கிறது.


ஜெயந்தி_ராஜ்

செவ்வந்தி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் 'புது ஆரம்பம்' என்ற பொருளைத் தூக்கி எறிய நான் சம்மதிக்க மாட்டேன். பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் விளிம்பில் நிற்பவர்கள் இல்லை. வீட்டுக் கதவுக்கு உள்ளேயே நிற்பவர்கள். 48 வயதில் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டு வந்த ஓர் அம்மாவுக்கு இந்தக் கார்டு விழுந்தது. அவருக்கு நான் ருஷ்ய நாவலின் கொலையைச் சொல்லியிருக்க வேண்டுமா?

நாவலை நானும் படித்திருக்கிறேன். அதில் நீங்கள் தாண்டிப்போகும் ஒரு பகுதி மரீயின் கதை. சுவிஸ் கிராமத்தில் ஒருவனால் ஏமாற்றப்பட்ட காசநோய்ப் பெண். ஊரே காறித் துப்புகிறது, குழந்தைகள் அழுக்கை அள்ளி வீசுகிறார்கள். மிஷ்கின் போய் அந்தக் குழந்தைகளோடு பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். கொஞ்ச நாளில் அதே குழந்தைகள் அவளைத் தேடி ஓடிப்போய் முத்தமிடுகிறார்கள். அவள் ஏறக்குறைய சந்தோஷமாகச் சாகிறாள். இதுவும் அதே அசடன்தான். இந்தக் கார்டு செய்யக்கூடியதும் இதுதான்.


அருள்மொழி87

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், மன்னிக்கவும்.

நாவல் வெளிவந்தது 1868–69இல், ஒரு பத்திரிகையில் தொடராக. நீங்கள் பார்க்கும் படம் 1909. நாற்பது வருட இடைவெளி. மூட்டைக்கு மூட்டை, மலைக்கு மலை என்று பொருத்திக்கொண்டே போனால் எந்தப் பாத்திரத்தையும் எந்தக் கார்டிலும் உட்கார வைக்கலாம். பொருந்தாத இடத்தைப் பார்த்தால்தான் ஏதாவது கிடைக்கும்.

அப்படிப் பார்த்தால் பெரிய இடறல் ஒன்று இருக்கிறது. கார்டில் இருப்பவனுக்குப் பள்ளம் தெரியாது, அதனால்தான் அவன் அந்தப் பெயரில் இருக்கிறான். மிஷ்கினுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். பீட்டர்ஸ்பர்க் வந்து இறங்கிய சில மணி நேரத்தில், ரோகோஷின் பித்தாக இருக்கும் நஸ்தாசியாவின் புகைப்படத்தைப் பார்க்கிறான். ரோகோஷின் அவளைக் கல்யாணம் செய்துகொள்வானா என்று, அவளுக்கு மாப்பிள்ளையாகப் பேசப்பட்டிருக்கும் கான்யா கேட்கிறான். "நாளைக்கே செய்துகொள்வான், ஒரு வாரத்தில் கழுத்தை அறுத்தாலும் அறுப்பான்" என்கிறான் மிஷ்கின். கிட்டத்தட்ட முழுக் கதையையும் சொல்லிவிட்டான். பிறகு ரோகோஷின் வீட்டு மேஜையில் கிடக்கும் கத்தியைத் தன்னை அறியாமல் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கிறான், ரோகோஷின் பிடுங்கி வைக்கிறான். விருந்து நடக்கும் வீட்டின் சீன ஜாடியை உடைத்துவிடுவோம் என்று முந்தின நாளே பயந்து, அதிலிருந்து தள்ளியே உட்கார்ந்து, அப்படியும் உடைக்கிறான்.

பள்ளத்தை இவ்வளவு துல்லியமாகப் பார்ப்பவனை எப்படி அந்தக் கார்டு என்பீர்கள்?


செவ்வந்தி

அருள், இதை எதிர்பார்க்கவில்லை. நன்றி. புகைப்படக் காட்சி ஞாபகத்தில் இருந்தது, ஆனால் இப்படிச் சேர்த்துப் பார்க்கவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

ஜெயந்தி அக்கா, மரீ கதைக்காகவும் நன்றி. அது எனக்குப் பிடித்த பகுதி. தாண்டிப்போக நினைக்கவில்லை, நான் இருந்த மனநிலையில் கண்ணில் படவில்லை.


குமரன்_பரிஸ்

வணக்கம். பலன் பார்ப்பது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நாவலை இந்த இழை பார்த்த பிறகுதான் தேடி எடுத்தேன். ஆனால் இங்கே பிரான்சில் தாரோ என்றால் சனிக்கிழமை இரவில் நாலு பேர் இருந்து விளையாடும் சீட்டு. வேலையிடத்தில் பழகி, இருபது வருடமாக விளையாடுகிறேன். இந்தச் சீட்டுக்கட்டு 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுக்காகப் பிறந்ததுதான். அதற்குள் எகிப்திய ஞானம் ஒளிந்திருக்கிறது என்று ஒருவர் பாரிசில் எழுதியதே 1781-இல். அதனால் விளையாட்டில் இந்தச் சீட்டுக்கு என்ன வேலை என்று சொன்னால் உங்களுக்கு உதவலாம்.

78 சீட்டு. நாலு இனம், 21 துருப்பு, அப்புறம் தனியாக ஒன்று. அதுதான் உங்கள் 0. எங்கள் கட்டில் அதன் பெயர் 'எக்ஸ்க்யூஸ்'. மன்னிப்புக் கேட்கும் சீட்டு. எந்த இனத்தை இறக்கினார்களோ அதே இனத்தைப் போட வேண்டும், இல்லாவிட்டால் துருப்பு வெட்ட வேண்டும் என்பது விதி. இது கையில் இருந்தால் அந்த விதியிலிருந்து ஒரு தடவை விலகிக்கொள்ளலாம். எந்தப் பிடியையும் (ஒரு சுற்றில் விழும் சீட்டுகளை) இது பிடிக்காது. அதே நேரம் யாரும் இதைப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. பிடி எதிராளிக்குப் போனாலும் இதை நீங்கள் திருப்பி எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு சின்னச் சீட்டைக் கொடுக்கலாம்.

வெல்லாத சீட்டுத்தானே என்று குறைவாக நினைக்க வேண்டாம். ஆட்டத்தில் உயர்ந்த மூன்று சீட்டுகள் துருப்பு 21, துருப்பு 1, இது. மூன்றில் ஒன்றும் இல்லாமல் ஆட்டத்தை எடுத்தவருக்கு 56 புள்ளி வேண்டும். ஒன்று இருந்தால் 51 போதும். இரண்டுக்கு 41, மூன்றுக்கு 36. அதாவது இது ஒரு பிடியும் பிடிக்காமல், சும்மா இருப்பதாலேயே, நீங்கள் வெல்ல வேண்டிய அளவைக் குறைத்துவிடுகிறது. மரீ கதையை இங்கே வாசித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ஒரு விதி மிச்சம் இருக்கிறது. புதிதாக விளையாட வருபவர்கள் இதில்தான் அகப்படுவார்கள். கடைசிப் பிடி வரைக்கும் இதைக் கையில் வைத்திருந்தால் பாதுகாப்பு போய்விடும். கடைசிப் பிடியில் விழுந்தால் இது எதிராளிக்குப் போகும்.


ஆதிமூலம்

குமரன் தம்பி, கடைசி விதியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

நாவலில் மிஷ்கின் எல்லோருடைய ஆட்டத்திலும் இருக்கிறான், எதையும் பிடிப்பதில்லை. நஸ்தாசியாவின் பிறந்தநாள் இரவை நினைத்துப் பாருங்கள். அறையில் இருக்கும் ஒவ்வொருவனுக்கும் ஒரு கணக்கு. அவளை வைத்திருந்த டோட்ஸ்கிக்கு அவளைக் கழற்றிவிட வேண்டும், கான்யாவுக்கு வரதட்சிணை வேண்டும், ரோகோஷின் ஒரு லட்சம் ரூபிளைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வருகிறான். அவள் அதைத் தூக்கி நெருப்பில் போடுகிறாள். அவளை விலை பேசாதவன் மிஷ்கின் ஒருவன்தான். "நீங்கள் தூயவர், நான் மணந்துகொள்கிறேன்" என்கிறான். விதியிலிருந்து விலகி நிற்கும் சீட்டு அதுதான்.

பிறகு கடைசி இரவு. பீட்டர்ஸ்பர்க்கின் வெண்ணிரவு, முழுக்க இருட்டாத கோடை இரவு. ரோகோஷின் வீட்டில் திரைக்குப் பின்னால் அவள் உடல். ஒரு ஈ ரீங்கரிக்கிறது. கொன்றவனும் மிஷ்கினும் மெத்தையில் பக்கத்துப் பக்கத்தில் படுக்கிறார்கள். ரோகோஷின் பிதற்றும்போதெல்லாம் மிஷ்கின் அவன் தலையையும் கன்னத்தையும் தடவிக்கொடுக்கிறான். காலையில் கதவைத் திறந்து வந்தவர்கள் கேட்கும் எதுவும் அவனுக்குப் புரியவில்லை. கடைசிப் பிடியில் சீட்டு போய்விட்டது.


நிவேதா_கே

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதலாமா என்று தயக்கம்.

என் அண்ணனுக்கு ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. எங்கள் தெருவில் அவனுக்குப் பெயர் இருந்தது, இங்கே எழுத மாட்டேன். பள்ளியில் அவன் விழுந்தால் ஓடி வந்து கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். எழுந்ததும் அவன் கையைத் திறந்து சாவியை யாரிடம் கொடுப்பது என்று பார்ப்பான். அதனால் 'ஃபூல்', 'இடியட்' என்ற சொற்கள் எனக்குச் சும்மா கடந்துபோகிற சொற்கள் இல்லை. 'இடியட்' என்பது அந்தக் காலத்தில் மருத்துவர்கள் எழுதிய நோய்ப் பெயரும்தான். மிஷ்கினைப் பற்றி தஸ்தயெவ்ஸ்கி எழுதியபோது தன் உடம்பைத்தான் எழுதினார். அவருக்கும் வலிப்பு இருந்தது.

கார்டில் இருக்கும் வெள்ளைச் சூரியனைப் பலர் ஞானம் என்று விளக்குகிறார்கள். நாவலிலும் அந்த வெளிச்சம் வருகிறது. வலிப்பு வருவதற்கு முந்தின நொடியில் மனசும் உடம்பும் திடீரென்று பற்றிக்கொண்டு, எல்லாக் கேள்வியும் அடங்கி, வாழ்க்கை மொத்தத்துக்கும் ஈடான ஓர் இசைவு. ஆனால் அதை எழுதிய கையோடு மிஷ்கின் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறான்: அந்த நொடிக்கு விலையாக எதிரே நிற்பது மந்தமும் இருட்டும் என்று. இதைச் சொல்லாமல் வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். என் அண்ணன் எழுந்த பிறகு அரை மணி நேரம் அம்மாவைக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பான்.

அருள் கேட்டதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் விடுதிப் படிக்கட்டுக் காட்சி. அன்று முழுக்க ரோகோஷினின் கண்கள் தன்னைத் தொடர்வதை மிஷ்கின் உணர்ந்திருக்கிறான். ஒரு கடை ஜன்னலில் மான்கொம்புப் பிடி போட்ட கத்தியைப் பார்த்து நின்றிருக்கிறான். விடுதியில் இருண்ட கல் படிக்கட்டு, தூணைச் சுற்றி ஏறுகிறது. மாடத்துக்குள் ஒருவன் ஒளிந்திருக்கிறான். முகம் தெரிகிறது. கை ஓங்குகிறது. மிஷ்கின் கையைத் தடுக்கவில்லை. ரோகோஷினை முதற்பெயர் சொல்லிக் கத்துகிறான்: "பர்ஃபியோன், நான் நம்ப மாட்டேன்!"

கத்தி கண்முன் இருக்கிறது, அவன் நம்ப மாட்டேன் என்கிறான். அந்த நொடியிலேயே வலிப்பு வருகிறது, அலறல் கேட்டு ரோகோஷின் உறைந்துபோய் ஓடிவிடுகிறான், மிஷ்கினின் உடம்பு படிகளில் உருண்டு அடியில் போய் விழுகிறது. விழுந்ததால்தான் பிழைத்தான்.


அருள்மொழி87

நிவேதா அக்கா, இதற்கு மேல் என் கேள்வியைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் தெரியும், தெரியாது என்ற இரண்டை மட்டும் வைத்துப் பேசிவிட்டேன். நடுவில் இன்னொன்று இருக்கிறது: தெரிந்தும் அதை ஒரு மனிதன் மேல் தீர்ப்பாகச் சொல்ல மறுப்பது. அன்று பகலில்தான் அந்த இருவரும் கழுத்துச் சிலுவைகளை மாற்றிக்கொண்டு சகோதரர்களாகியிருக்கிறார்கள். சகோதரன் என்று சொன்ன பிறகு அவனைக் கொலைகாரன் என்று மனசுக்குள் நினைப்பதே தன் கீழ்மை என்று மிஷ்கின் வழியெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டு வருகிறான். அவன் முகம் மேலே இருப்பது கண் தெரியாததால் இல்லை.

படத்தைத் திரும்பப் பார்த்தேன். அந்த இளைஞனின் முகம் அறிவும் எதிர்பார்ப்புக் கனவும் நிறைந்தது என்று வெயிட்டும் எழுதியிருக்கிறாராம். பேதையின் முகம் என்று எழுதவில்லை.

ஒரு தகவல், இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். நாவலின் ஆரம்பக் குறிப்புகளில் இந்தப் பாத்திரம் இப்படி இல்லை. கர்வமும் வெறியும் பிடித்த ஒருவனாகத்தான் தஸ்தயெவ்ஸ்கி எழுதத் தொடங்கியிருக்கிறார். 1867 டிசம்பரில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். முற்றிலும் அழகான ஒரு மனிதனைக் காட்டுவதுதான் நோக்கம், உலகத்தில் அதைவிடக் கடினமானது இல்லை என்று 1868 ஜனவரியில் தங்கை மகள் சோஃபியாவுக்குக் கடிதம் எழுதுகிறார். அப்போது ஜெனீவாவில் இருந்தார், கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அந்த வருடம் பிறந்த மகள் மூன்று மாதத்தில் இறந்துபோனாள். அந்தக் குழந்தைக்கும் சோஃபியா என்றுதான் பெயர். நாவலை நிறுத்தவில்லை, ஊர் ஊராகப் போய் 1869 ஜனவரியில் ஃப்ளாரன்சில் முடித்தார். குழந்தைகளைப் பற்றி மிஷ்கின் பேசும் இடங்களை இதற்குப் பிறகு என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை.


ஜெயந்தி_ராஜ்

நான் கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன் என்று தோன்றுகிறது. ஆனாலும் என் கருத்தை முழுக்க விட மாட்டேன். ஸ்கூட்டி ஓட்டிய அம்மா இன்று பேத்தியைப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார்.

நாயைப் பற்றி யாரும் பேசவில்லையே? ஸ்மித் வரைந்த நாய் கூடவே துள்ளுகிறது. பழைய மார்செய் சீட்டுக்கட்டில் அந்த விலங்கு அவன் காற்சட்டையைப் பிடித்துக் கிழிக்கிறது. அந்தக் கட்டில் பள்ளமே கிடையாது, நடந்து போகிறான், பின்னால் ஒன்று கடிக்கிறது, அவ்வளவுதான். அதைவிடப் பழைய மிலான் கட்டில் தலையில் இறகு செருகிய கந்தல் மனிதன், நாயும் இல்லை. நாவலில் இரண்டு நாயும் உண்டு என்பேன். கோல்யா என்ற சிறுவன் கூடவே ஓடிவருகிறவன். படிக்கட்டு அடியில் கிடந்தவனை அடையாளம் கண்டு காப்பாற்றுவதும் அவன்தான். லெபெதெவ் மற்ற நாய். மிஷ்கினைத் திட்டி வந்த பத்திரிகைக் கட்டுரைக்குக் கை கொடுத்துவிட்டு, மிஷ்கின் வாடகைக்கு இருக்கும் தன் வீட்டில் அவனைச் சுற்றியே வளைய வருகிறான்.

இனி இந்தக் கார்டு விழுந்தால் "கூட யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கலாம் என்று தோன்றுகிறது. அந்த அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர் மருமகள். அதை நான் அப்போது கேட்டுக்கூடப் பார்க்கவில்லை.


ஆதிமூலம்

ஜெயந்தி அம்மா சொன்ன கேள்வியோடு எனக்கு ஒரு குறள் வருகிறது. பேதைமை என்றால் என்ன என்று வள்ளுவர் ஒரு விளக்கம் தருகிறார்: 'ஏதங்கொண்டு ஊதியம் போக விடல்'. கேட்டை எடுத்துக்கொண்டு ஆதாயத்தைக் கைவிடுவது. மிஷ்கின் செய்தது அட்சரம் பிசகாமல் இதுதான். அவனை மணக்க இருந்த அக்லேயா அவனுக்கு ஊதியம். இளமை, அன்பு, வீடு எல்லாம் அவள். இரண்டு பெண்களும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியில் அவன் ஒரு நொடி தயங்குகிறான். நஸ்தாசியாவின் முகத்தைப் பார்த்து, "இவள் இவ்வளவு துன்பப்படுகிறாளே" என்கிறான். அக்லேயா வெளியே ஓடிவிடுகிறாள். பின்னால் போகப் பார்க்கிறான், நஸ்தாசியா மயங்கி அவன் கையில் விழுகிறாள். நின்றுவிடுகிறான்.

வள்ளுவர் கணக்கில் அவன் தோற்றவன். நானும் மூன்று தடவையும் அந்த இடத்தில் "ஓடுடா" என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் மயங்கிக் கிடப்பவளை விட்டு ஓடியிருந்தால் இந்த நாவலை நான் மூன்று முறை படித்திருக்க மாட்டேன். இதை எப்படித் தீர்ப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அக்லேயாவுக்கு இழைத்தது அநியாயம்தான். அவன் கருணையால் ஒருத்தி செத்தாள், ஒருத்தியின் வாழ்க்கை கெட்டது. நல்லவன் என்பதால் இதை மறைக்கக் கூடாது.


செவ்வந்தி

ஒரு வாரமாக இந்த இழையோடுதான் இருக்கிறேன். திரும்பப் படிக்கும்போது மூன்றாம் பாகத்தில் ஓர் இடம் கிடைத்தது. எப்படித் தவறவிட்டேன் என்று தெரியவில்லை.

மிஷ்கின் சுவிட்சர்லாந்தில் இருந்த முதல் வருடத்தை நினைக்கிறான். நோய் பலமாக இருந்த காலம். வெயில் நிறைந்த ஒரு நாளில் மலைமேல் ஏறிப் போகிறான். மேலே பளிச்சென்ற வானம், கீழே ஏரி, சுற்றிலும் முடிவே இல்லாத தொடுவானம். அந்த நீலத்தை நோக்கிக் கைகளை விரிக்கிறான். விரித்து அழுகிறான். ஒவ்வொரு நாளும் இதே சூரியன் எழுகிறது, வெயிலில் ரீங்கரிக்கும் ஒரு சின்ன ஈகூட இந்தப் பெருவிழாவில் தன் இடம் தெரிந்து பாடுகிறது, தான் ஒருவன் மட்டும் எல்லாவற்றுக்கும் அந்நியன் என்று.

அப்படியே 0-ஆம் கார்டு. மலை, சூரியன், விளிம்பு, மேலே பார்க்கும் இளைஞன். நான் இத்தனை வருடம் அவன் சந்தோஷத்தில் நிற்கிறான் என்றே நினைத்திருந்தேன். அவன் விழாவுக்கு வெளியே நிற்பவனாகவும் இருக்கலாம். உள்ளே வர எந்த வழியும் தெரியாமல், கிடைத்த மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தவன். அதனால்தான் மரீயைப் போல வெளியே தள்ளப்பட்டவர்களை அவனால் உடனே பார்க்க முடிகிறது. (ஆதிமூலம் ஐயா கடைசி இரவில் ரீங்கரித்த ஈயைச் சொன்னார். மலையில் கேட்ட ஈயும் அதுவும் ஒன்றுதானோ என்று எனக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.)

நேற்று தம்பிக்குப் போன் செய்தேன். கார்டு விழுந்த நாளிலிருந்து நடந்ததை வைத்து மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அக்கா, நீ சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். கணக்கு இடிப்பது எனக்கு மூணாவது மாசமே தெரியும்" என்றான். ஏன்டா அப்போதே கேட்கவில்லை என்றேன். "பத்து வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவனிடம் எப்படிக்கா கேட்பது?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. நிவேதா எழுதிய படிக்கட்டுதான் கண்ணில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான். கார்டைக் கட்டில் திரும்பச் சேர்த்துவிட்டேன். அவனுக்குப் பலன் பார்க்கப் போவதில்லை, சாப்பாடு மட்டும்தான். புத்தகத்தைக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்; படிப்பானா தெரியவில்லை.


நிவேதா_கே

கொடுங்கள் அக்கா. மரீ வருகிற பக்கத்தில் ஒரு காகிதம் வைத்துக் கொடுங்கள். என் அண்ணனுக்கு அதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து படித்துக் காட்டினேன். கழுதை கத்தும் இடம் வந்ததும் திரும்பப் படி என்றான். பாசல் ஊருக்குள் நுழையும்போது சந்தையில் ஒரு கழுதை கத்துகிறதே, அதைக் கேட்டதும் மிஷ்கினின் தலை தெளிந்துவிடுகிறது. அந்த இடம். நான்கு முறை படித்தேன்.


குமரன்_பரிஸ்

நான் முதல் பாகம் முடித்துவிட்டேன், செவ்வந்தி. நீங்கள் எல்லோரும் முடிவைச் சொல்லிவிட்டபடியால் ஒவ்வொரு பக்கமும் பாரமாக இருக்கிறது, ஆனாலும் வைக்க முடியவில்லை. போன சனிக்கிழமை ஆட்டத்தில் எனக்கு எக்ஸ்க்யூஸ் வந்தது. மூன்றாவது பிடியிலேயே போட்டுத் திருப்பி எடுத்து, மேஜையில் என் பக்கம் முகம் தெரிய வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் இவ்வளவு சீக்கிரம் ஏன் போட்டாய் என்று கேட்டார்.